வரிக்கு ஏற்ற பயன்: தமிழ்நாட்டில் உள்ளாட்சி, மாநில, ஒன்றிய வரிகள்

வரிக்கு ஏற்ற பயன் என்பது, குடிமக்கள் செலுத்தும் வரிக்கு அரசு தரும் சேவைகள் போதுமானவையா, வரிச் சுமையும் அதன் பயனும் நியாயமாகப் பகிரப்படுகின்றனவா என்பதை ஆராயும் பொதுநிதித் துறைக் கேள்வி ஆகும். தமிழ்நாட்டில் வசிக்கும் ஒருவர் ஒரே நேரத்தில் மூன்று அரசுகளுக்கு வரி செலுத்துகிறார். வீட்டுக்குச் சொத்து வரி உள்ளாட்சிக்குச் செல்கிறது. பெட்ரோல் மீதான மதிப்புக்கூட்டு வரி மாநிலத்துக்குச் செல்கிறது. வருமான வரி ஒன்றிய அரசுக்குச் செல்கிறது. கடையில் வாங்கும் பொருளின் மீதான சரக்கு மற்றும் சேவை வரி (ஜி.எஸ்.டி.) ஒன்றியத்துக்கும் மாநிலத்துக்கும் பிரிகிறது.

"கட்டுகிற வரிக்கு என்ன கிடைக்கிறது?" என்ற கேள்வி பரவலாக எழுப்பப்படுகிறது. ஆனால் மூன்று அரசுகளின் வரிகளையும் ஒரே அளவுகோலால் அளக்க முடியாது. எந்த வரி, எந்த நோக்கத்துக்காக, யாரிடமிருந்து பெறப்படுகிறது என்பதைப் பிரித்து அறிந்த பின்பே பயன் போதுமானதா என்று கூற இயலும்.

வரியும் கட்டணமும்

வரியும் கட்டணமும் வெவ்வேறானவை. பேருந்துப் பயணச்சீட்டுக்குக் கொடுக்கும் பணம் கட்டணம். அதைக் கொடுத்தவருக்குப் பயணம் என்னும் சேவை நேரடியாகக் கிடைக்கிறது. வரி அவ்வாறானது அன்று. அது சட்டத்தின் வலிமையால் கட்டாயமாகப் பெறப்பட்டுப் பொது நோக்கங்களுக்குச் செலவிடப்படுகிறது. தனி ஒருவருக்குத் தரும் சேவைக்கான விலையாகாது.

இவ்வேறுபாட்டை இந்திய உச்ச நீதிமன்றம் 1954-ஆம் ஆண்டின் சிரூர் மடம் வழக்கில் விளக்கியது. சென்னை மாகாண இந்து அறநிலையச் சட்டத்தின் கீழ் மடங்களிடம் பெறப்பட்ட தொகை வரியா, கட்டணமா என்பது அவ்வழக்கில் எழுந்த கேள்விகளுள் ஒன்று. செலுத்தியவருக்குத் தரும் சேவையோடு தொடர்புடையது கட்டணம் என்றும், அத்தகைய நேரடித் தொடர்பு இல்லாதது வரி என்றும் நீதிமன்றம் பிரித்துக் காட்டியது.

எனவே "நான் கொடுத்த பணம் எனக்கே திரும்ப வர வேண்டும்" என்பது வரியின் இலக்கணத்துக்குப் பொருந்தாது. பிள்ளை இல்லாதவரும் அரசுப் பள்ளிக்குப் பணம் தருகிறார். நோயில்லாதவரும் அரசு மருத்துவமனைக்குப் பணம் தருகிறார். அதற்காக எந்தக் கேள்வியும் எழுப்பக்கூடாது என்பதில்லை. சட்டத்தின் அதிகாரமின்றி எந்த வரியும் விதிக்கவோ தண்டவோ கூடாது என அரசியலமைப்பின் 265-ஆம் உறுப்பு கூறுகிறது. சட்டத்தை இயற்றுவது மக்களின் பிரதிநிதிகள் என்பதால், கணக்குக் கேட்கும் உரிமையும் வரியோடு சேர்ந்தே வருகிறது.

மூன்று மட்டங்களின் வரிகள்

உள்ளாட்சி: சொத்து வரி, காலிமனை வரி, தொழில் வரி ஆகியவை முதன்மையானவை. ஊராட்சிகளில் சொத்து வரி பொதுவாக வீட்டு வரி என்றே வழங்கப்படுகிறது.

மாநிலம்: மாநில ஜி.எஸ்.டி., பெட்ரோல், டீசல், மது வகைகள் மீதான வரிகள், முத்திரைத் தீர்வை, மோட்டார் வாகன வரி முதலியன.

ஒன்றியம்: வருமான வரி, நிறுமங்கள் மீதான வரி, ஒன்றிய ஜி.எஸ்.டி., சுங்க வரி, பெட்ரோலியப் பொருள்கள் மீதான உற்பத்தி வரி முதலியன.

வரி செலுத்துவோர் யார்?

வருமான வரி செலுத்துவோரை மட்டுமே "வரி செலுத்துவோர்" என்று குறிப்பிடும் வழக்கம் உண்டு. 2024 ஜூலை 31 வரை தாக்கலான வருமான வரிப் படிவங்கள் 7.28 கோடி. நாட்டின் மக்கள்தொகையோடு ஒப்பிட்டால் இது சிறு பகுதியே. ஆனால் 2017 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள ஜி.எஸ்.டி.யை, வரி விதிக்கப்பட்ட பொருளை வாங்கும் ஒவ்வொருவரும் செலுத்துகின்றனர். கூலித் தொழிலாளியும் அதில் அடக்கம்.

வரிக்கு முன் 2,000 ரூபாய் விலையுள்ள மின்விசிறிக்கு 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. 360 ரூபாய். மாதம் 15,000 ரூபாய் ஈட்டும் குடும்பத்துக்கு இது மாத வருமானத்தில் 2.4 விழுக்காடு. மாதம் 1,50,000 ரூபாய் ஈட்டும் குடும்பத்துக்கு 0.24 விழுக்காடு. வரி விகிதம் ஒன்றே எனினும் சுமை பத்து மடங்கு வேறுபடுகிறது. வருமானம் உயர உயர விகிதமும் உயரும் வருமான வரிக்கு நேர்மாறானது இது.

2025 செப்டம்பர் 22 முதல் சோப்பு, பற்பசை போன்ற அன்றாடப் பொருள்களின் வரி 18 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது இச்சுமையை ஓரளவு தணிக்கிறது. எனினும் "சிலர் வரி கட்டுகிறார்கள், பலர் இலவசம் பெறுகிறார்கள்" என்ற கூற்று மறைமுக வரிகளைக் கணக்கில் கொள்ளாதது. நியாயவிலைக் கடை அரிசி, 2021 மே முதல் நகரப் பேருந்துகளில் மகளிருக்கு வழங்கப்படும் கட்டணமில்லாப் பயணம், 2022-இல் தொடங்கிய காலை உணவுத் திட்டம் ஆகியவற்றின் பயனாளிகளும் வரி செலுத்துவோரே.

உள்ளாட்சி வரி

உள்ளாட்சி வரியில் செலுத்துபவருக்கும் சேவைக்கும் இடையே தொலைவு மிகக் குறைவு. தெருவிளக்கு, குப்பை அகற்றல், மழைநீர் வடிகால், தெருச் சாலை ஆகியவை கண்ணால் காணக்கூடியவை. ஆகவே கொடுத்ததற்கு ஏற்ற சேவை கிடைக்கிறதா என்ற அளவுகோல் மற்ற வரிகளைவிட இங்கேதான் அதிகம் பொருந்துகிறது.

1688-இல் தொடங்கப்பட்ட சென்னை மாநகராட்சி இந்தியாவின் மிகப் பழைய மாநகராட்சி ஆகும். அதன் பழைய எல்லைக்குள் 1998-க்குப் பிறகும், தமிழ்நாட்டின் பிற நகரங்களில் 2008-க்குப் பிறகும் சொத்து வரி நெடுங்காலம் பொதுச் சீராய்வு செய்யப்படாமல் இருந்தது. 2018 ஜூலையில் அறிவிக்கப்பட்ட உயர்வு 2019 நவம்பரில் நிறுத்தி வைக்கப்பட்டது. பின்னர் 2022 ஏப்ரலில் புதிய உயர்வு அறிவிக்கப்பட்டது. சென்னையின் பழைய எல்லைக்குள் 600 சதுர அடி வரையான வீடுகளுக்கு 50 விழுக்காடும், 1,800 சதுர அடிக்கு மேற்பட்டவற்றுக்கு 150 விழுக்காடும் வரி உயர்ந்தது. பிற மாநகராட்சிகளில் இது 25 முதல் 100 விழுக்காடு வரை அமைந்தது. நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கான மானியத்தைப் பெறச் சொத்து வரியைச் சீரமைக்க வேண்டும் என்று 15-ஆவது நிதிக்குழு விதித்த நிபந்தனை, இவ்வுயர்வுக்குக் கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று.

இதிலிருந்து இரண்டு சிக்கல்கள் தெரிகின்றன. முதலாவது, ஆண்டுதோறும் சிறிதளவு உயர்ந்திருக்க வேண்டிய வரி பல ஆண்டுகள் தள்ளிப்போடப்பட்டு ஒரே அடியாக உயர்ந்தது. சொத்து வரி வருமானத்தைப் பார்ப்பதில்லை. கட்டடத்தின் பரப்பையும் அமைவிடத்தையும் பயன்பாட்டையும் பார்க்கிறது. சொந்த வீடு இருந்தும் ஓய்வூதியத்தில் வாழும் முதியவருக்கு இத்தகைய திடீர் உயர்வு கடினமானது. வாடகைக்குக் குடியிருப்போரும் வாடகை உயர்வின் வழியே இதைச் சுமக்க நேரிடலாம்.

இரண்டாவது சிக்கல் பிரதிநிதித்துவம். 2016 அக்டோபர் முதல் 2022 பிப்ரவரித் தேர்தல் வரை தமிழ்நாட்டின் நகர்ப்புற உள்ளாட்சிகளில் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்கள் இல்லை. தனி அலுவலர்களே நிர்வகித்தனர். 2018-ஆம் ஆண்டு வரி உயர்வு அறிவிக்கப்பட்டபோது, அதை எதிர்த்தோ ஆதரித்தோ பேச வார்டு உறுப்பினர் ஒருவர்கூட இல்லை. ஊரகப் பகுதிகளிலும் இந்நிலை திரும்பியது. 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த 27 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-இல் முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்களிடம் சென்றது. வரி வாங்குவது நிற்காமல், கேள்வி கேட்கப்படும் பதவி மட்டும் காலியாக இருப்பது பயனைக் குறைக்கும் நேரடிக் காரணங்களுள் ஒன்று.

உள்ளாட்சிகளின் பொறுப்புக்கும் வருவாய்க்கும் இடையே இடைவெளி பெரிது. 1993-இல் நடைமுறைக்கு வந்த 73, 74-ஆவது அரசியலமைப்புத் திருத்தங்கள், ஊராட்சிகளுக்கு 29 துறைகளையும் நகராட்சிகளுக்கு 18 துறைகளையும் அளிக்கலாம் என்று பட்டியலிட்டன. ஆனால் வரி விதிக்கும் வாய்ப்புகள் சிலவே. தொழில் வரியின் உச்சவரம்பு 1988-இன் 60-ஆவது திருத்தத்தில் ஆண்டுக்கு 2,500 ரூபாய் என நிர்ணயிக்கப்பட்டது. விலைவாசி பல மடங்கு உயர்ந்த பின்னும் அது மாறவில்லை. சிறிய ஊராட்சியின் வருவாயில் கணிசமான பகுதி தெருவிளக்கு, குடிநீர் மோட்டார் ஆகியவற்றின் மின்கட்டணத்துக்கும் பணியாளர் ஊதியத்துக்குமே போய்விடுகிறது.

பொறுப்புகள் சிதறிக் கிடப்பதும் குடிமக்களைக் குழப்புகிறது. சென்னையில் குப்பையை மாநகராட்சி அகற்றுகிறது. குடிநீரையும் கழிவுநீரையும் 1978-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி அமைந்த தனி வாரியம் கவனிக்கிறது. முதன்மைச் சாலைகள் பல நெடுஞ்சாலைத் துறையுடையவை. குழி விழுந்த சாலைக்காக மாநகராட்சியிடம் முறையிடும் ஒருவர், அச்சாலை அதற்குரியதன்று என்று அறிய நேரிடலாம்.

இரட்டைச் செலவு

வரிக்கு ஏற்ற பயன் கிடைக்கவில்லை என்பதன் தெளிவான அடையாளம், மக்கள் ஒரே சேவைக்கு இரண்டு முறை செலவிடுவதாகும். குடிநீருக்கு வரி கட்டிய வீட்டில் கேன் தண்ணீரும் வாங்கப்படுகிறது. கோடையில் தண்ணீர் லாரிக்குப் பணம் கொடுக்கப்படுகிறது. அரசுப் பள்ளியைத் தன் வரியால் தாங்கும் பெற்றோர் தனியார் பள்ளிக்கும் கட்டணம் செலுத்துகின்றனர்.

இரட்டைச் செலவுக்கு வசதியுள்ளோர் பொதுச் சேவையை விட்டு விலகும்போது, அதன் தரம் குறித்துக் கேள்வி எழுப்பும் குரல்களும் குறைகின்றன. வசதியற்றோர் தரம் குன்றிய சேவையோடு தங்கிவிடுகின்றனர்.

இதற்கு மாறான எடுத்துக்காட்டுகளும் தமிழ்நாட்டில் உள்ளன. 1994-இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், அரசு மருத்துவமனைகளுக்கான மருந்துகளை மொத்தமாகக் கொள்முதல் செய்து விலையைக் குறைத்ததற்காகப் பிற மாநிலங்களாலும் பின்பற்றப்பட்டது. எவ்வளவு வரி என்பதைப்போலவே அது எவ்வாறு செலவாகிறது என்பதும் பயனைத் தீர்மானிக்கிறது என்பதை இது காட்டுகிறது.

ஒன்றிய வரி செல்லும் வழி

ஒன்றிய அரசின் 2025-26 வரவு செலவுத் திட்ட ஆவணப்படி, அதன் செலவில் ஒவ்வொரு ரூபாயும் பின்வருமாறு பிரிகிறது:

மாநிலங்களின் வரிப் பங்கு: 22 காசு
வட்டி: 20 காசு
ஒன்றியத்தின் நேரடித் திட்டங்கள்: 16 காசு
பாதுகாப்பு: 8 காசு
மாநிலங்களுடன் இணைந்த திட்டங்கள்: 8 காசு
நிதிக்குழு மானியமும் பிற பரிமாற்றங்களும்: 8 காசு
முதன்மை மானியங்கள்: 6 காசு
ஓய்வூதியம்: 4 காசு
பிற செலவுகள்: 8 காசு

நாட்டின் பாதுகாப்பு போன்ற செலவுகளின் பயனை ஒருவருக்கு இவ்வளவு என்று பிரித்துக் காட்ட முடியாது. வட்டிக்குப் போகும் 20 காசு முன்பு வாங்கிய கடனுக்கானது. அக்கடன் துறைமுகமாகவோ ரயில் பாதையாகவோ நின்றால் இன்றைய குடிமகனுக்கும் பயன் உண்டு. அன்றாடச் செலவில் கரைந்திருந்தால் சுமை மட்டுமே மிஞ்சும்.

வரிப் பகிர்வு

ஒன்றிய அரசின் பகிரத்தக்க வரிகளில் மாநிலங்களின் பங்கை நிதிக்குழு பரிந்துரைக்கிறது. 2021-26 காலத்துக்கு 15-ஆவது நிதிக்குழு 41 விழுக்காட்டைப் பரிந்துரைத்தது. அதை மாநிலங்களிடையே பிரிக்க, வருமான இடைவெளிக்கு 45, மக்கள்தொகைக்கு 15, நிலப்பரப்புக்கு 15, மக்கள்தொகைக் கட்டுப்பாட்டுச் சாதனைக்கு 12.5, காடு மற்றும் சூழலியலுக்கு 10, வரி முயற்சிக்கு 2.5 விழுக்காடு என மதிப்புகள் அளிக்கப்பட்டன.

இதன்படி தமிழ்நாட்டின் பங்கு 4.079 விழுக்காடு, உத்தரப் பிரதேசத்தின் பங்கு 17.939 விழுக்காடு, பீகாரின் பங்கு 10.058 விழுக்காடு. 2011 கணக்கெடுப்பில் நாட்டின் மக்கள்தொகையில் ஏறத்தாழ 6 விழுக்காட்டினர் தமிழ்நாட்டில் வசித்தனர். 12-ஆவது நிதிக்குழுவில் 5.305 ஆக இருந்த தமிழ்நாட்டின் பங்கு 13-ஆவது குழுவில் 4.969 ஆகவும், 14-ஆவது குழுவில் 4.023 ஆகவும் குறைந்தது.

முன்னர்க் கூறிய மின்விசிறியின் 360 ரூபாய் வரியைக் கொண்டு இதை விளக்கலாம். 180 ரூபாய் மாநில ஜி.எஸ்.டி.யாகத் தமிழ்நாட்டுக்கு வருகிறது. மற்ற 180 ரூபாய் ஒன்றியத்துக்குச் செல்கிறது. அதில் 41 விழுக்காடான 73.80 ரூபாய் எல்லா மாநிலங்களுக்கும் பகிரப்படுகிறது. அதில் தமிழ்நாட்டின் பங்கு தோராயமாக 3 ரூபாய்.

மேல்வரியும் கூடுதல் தீர்வையும் இப்பகிர்வில் சேர்வதில்லை. 2022 மே மாதக் குறைப்புக்குப் பின் ஒரு லிட்டர் பெட்ரோல் மீதான ஒன்றிய உற்பத்தி வரி 19.90 ரூபாயாக இருந்தது; மாநிலங்களோடு பகிரத்தக்க அடிப்படை வரி அதில் 1.40 ரூபாய் மட்டுமே. வருமான வரியோடு சேர்த்துப் பெறப்படும் 4 விழுக்காடு சுகாதார, கல்வி மேல்வரியும் பகிரப்படுவதில்லை. பள்ளிகளையும் மருத்துவமனைகளையும் பெரும்பாலும் மாநிலங்களே நடத்துகின்றன என்பதால் இது மாநிலங்களின் முதன்மையான குறையாக உள்ளது.

தமிழ்நாடு ஒரு ரூபாய் கொடுத்தால் 29 காசு திரும்புகிறது என்ற கணக்கு அரசியல் மேடைகளில் அடிக்கடி கூறப்படுகிறது. இத்தகைய கணக்கைக் கவனமாகப் படிக்க வேண்டும். பல மாநிலங்களில் தொழில் செய்யும் நிறுவனத்தின் வரி அதன் தலைமையகம் உள்ள ஊரின் கணக்கில் ஏறலாம். துறைமுகத்தில் பெறப்படும் சுங்க வரியைச் செலுத்தும் நுகர்வோர் வேறு மாநிலத்தவராக இருக்கலாம். பாதுகாப்பு, ரயில்வே போன்ற செலவுகள் இக்கணக்கில் முழுமையாக இடம்பெறுவதில்லை. ஆயினும் குறை கற்பனையானதன்று. மக்கள்தொகையைக் கட்டுப்படுத்திக் கல்வியிலும் தொழிலிலும் முன்னேறிய மாநிலத்தின் பங்கு, அம்முன்னேற்றத்தாலேயே குறைவது நியாயமா என்ற கேள்வி வலுவானது. வளர்ந்த மாநிலங்களின் பணமின்றிப் பின்தங்கிய மாநிலத்துக் குழந்தைக்குப் பள்ளி கிடைக்குமா என்ற எதிர்க்கேள்வியும் அதே அளவு வலுவானது.

இதே கேள்வி மாநிலத்துக்குள்ளும் எழுகிறது. சென்னையிலும் கோயம்புத்தூரிலும் திரளும் வரி, வருவாய் குறைந்த மாவட்டங்களுக்கும் செலவாகிறது. அதைத் தவறென்று பெரும்பாலோர் கருதுவதில்லை. மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் 10 விழுக்காட்டை உள்ளாட்சிகளுக்குப் பகிர மாநில நிதி ஆணையங்கள் பரிந்துரைத்தன. ஒன்றியத்திடம் மாநிலம் கேட்கும் அதே நியாயத்தை, மாநிலத்திடம் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஊராட்சிகள் கேட்க உரிமை உண்டு. பங்கு கேட்கும் ஒவ்வோர் அரசும் தனக்குக் கீழுள்ள அரசுக்குப் பங்கு கொடுக்கக் கடமைப்பட்டது.

பயனை மதிப்பிடும் கேள்விகள்

ஒரு வரி ஏற்ற பயனைத் தருகிறதா என்று ஆராய்வோர் ஐந்து கேள்விகளைப் பயன்படுத்தலாம்.

1. இவ்வரியின் சுமை யார்மீது, அவரது வருமானத்தில் எவ்வளவு விழுகிறது?
2. இப்பணத்தைச் செலவிடும் பொறுப்பு எந்த அரசுக்கு உரியது?
3. ஒதுக்கிய தொகை அதே நோக்கத்துக்குச் செலவானதா?
4. அச்சேவையை மக்கள் பயன்படுத்துகிறார்களா, அல்லது வெளியே பணம் கொடுத்து வாங்குகிறார்களா?
5. செலவைக் கேள்வி கேட்கத் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் செயல்படுகிறதா?

குடிமக்களுக்கு உள்ள வழிகள்

தமிழ்நாட்டில் கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாள்களில் கூட்டப்படுகிறது. ஊராட்சியின் வரவு செலவை அங்கே கேட்டறியலாம். 2022 நவம்பர் 1 முதல் நகரங்களிலும் பகுதி சபைகள் கூட்டப்படத் தொடங்கின.

தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன் கீழ் 10 ரூபாய் கட்டணத்தில் விண்ணப்பித்து, ஒரு தெருச் சாலைக்கான மதிப்பீடு, ஒப்பந்தத் தொகை, பணி முடிந்த நாள் ஆகியவற்றைக் கேட்டுப் பெறலாம். பொதுவாக 30 நாள்களுக்குள் பதில் தரப்பட வேண்டும். வறுமைக் கோட்டிற்குக் கீழுள்ளோர் கட்டணம் செலுத்த வேண்டியதில்லை. ஒன்றிய, மாநில அரசுகளின் செலவு குறித்த இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கைகள் நாடாளுமன்றத்திலும் சட்டமன்றத்திலும் வைக்கப்பட்டுப் பின்னர் இணையத்தில் வெளியாகின்றன.

சொத்து வரியை அரையாண்டின் முதல் 30 நாள்களுக்குள் செலுத்துவோருக்கு 5 விழுக்காடு ஊக்கத்தொகை உண்டு. அதன் உச்சவரம்பு 5,000 ரூபாய்.

மதிப்பீடு

தமிழ்நாட்டில் வசிப்போருக்கு வரிக்கு ஏற்ற பயன் கிடைக்கிறதா என்பதற்கு ஒற்றை விடை இல்லை. பொது விநியோகம், பள்ளி உணவு, மருந்துக் கொள்முதல் ஆகியவற்றில் வரிப்பணம் தெளிவாகத் திரும்பி வருகிறது. குடிநீர், வடிகால், தெருச் சாலை ஆகியவற்றில் இரட்டைச் செலவு தொடர்கிறது. ஒன்றிய வரிகளைப் பொறுத்தவரை, பின்தங்கிய மாநிலங்களுக்கு உதவுவதை ஏற்போரும், பகிர்வுக்கு வராத மேல்வரிகள் பெருகுவதை ஏற்பதில்லை.

மக்களுக்கு மிக அருகில் உள்ள அரசிடமே வருவாய் மிகக் குறைவாக உள்ளது; அன்றாடச் சேவைகளுக்கான பொறுப்போ அதனிடமே அதிகம் உள்ளது. உள்ளாட்சித் தேர்தலை உரிய காலத்தில் நடத்துதல், சொத்து வரியைச் சிறு சிறு அளவில் முறையாகச் சீராய்தல், தொழில் வரி வரம்பைக் காலத்துக்கேற்ப மாற்றுதல், உள்ளாட்சிகளின் பங்கை உரிய நேரத்தில் விடுவித்தல் ஆகியவை இந்த இடைவெளியைக் குறைக்கும் நடைமுறை வழிகளாகும்.